விசிலின் வலது கை

விசில் என்ற பெயர் அண்ணியின் காதில் முதல்முதலாக விழுந்தது ஒரு மழைநாள் மத்தியானம். அப்போது அவள் மெத்தைக் கடையின் பின்கட்டில் தலையணைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுகிற தம்பி சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தால் பஞ்சு நனைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா, ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கேன்."

"பேரென்ன?"

"விசிலு."

"பேரக் கேட்டா பேரச் சொல்லுடா."

"டிப்போவுல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. என் வண்டியில கண்டக்டர். அவ விசில் ஊதினாத்தான் நான் வண்டியவே எடுப்பேன்."

"அப்ப கல்யாணத்துக்கு அப்புறமும் அதே கதைதான்னு சொல்லு."

அப்படியேதான் ஆனது. வீட்டுக்கு வந்த விசில், புருஷனின் அக்காவை அண்ணி என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதைப் பார்த்து மெத்தைக் கடைக்காரரும் அண்ணி என்றார், மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருந்தவரும் அண்ணி என்றார். கல்யாணமே செய்துகொள்ளாதவள் ஊருக்கெல்லாம் அண்ணியாகிப் போனாள். இரண்டு அறை, ஒரு சமையல் இடுக்கு, துணி காயப்போடுவதற்குக் கூரையிலிருந்து தொங்கும் ஒரு இரும்புக் கம்பி. அந்த வீட்டில் மூன்று பேரும் பதினாறு வருஷம் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி முதல் ஐந்து வருஷம் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

பதினேழாம் வருஷம் தம்பி போய்ச் சேர்ந்தான். டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அவ்வளவுதான். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. போவதற்கு இரண்டு பேருக்கும் வேறு இடம் இல்லை. அண்ணி எழுந்து மூன்று தட்டில் ஒன்றை எடுத்து மேலே வைத்தாள்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து விசிலின் வலது மார்பில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். மார்போடு, அக்குளில் இருந்த கணுக்கள் பதினெட்டையும் எடுத்துவிட்டதாகப் பெரிய டாக்டர் சொன்னார். கணு என்றால் என்ன என்று அண்ணிக்குப் புரியவில்லை. வார்டு நர்ஸிடம் கேட்டாள்.

"கால்ல முள்ளு குத்திச் சீழ் பிடிச்சா தொடையிடுக்குல நெறி கட்டுமில்ல? அந்த நெறிதான். அக்குள்ல இருக்கும், கழுத்துல இருக்கும்" என்றாள் நர்ஸ்.

"அத எதுக்கு எடுத்தாங்க? அது நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா கெட்டது அதுலயும் போய் உக்காந்துடுச்சு."

விசில் பிழைத்தாள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, முளைத்தது. ஒன்பது மாதத்தில் பதினான்காம் நம்பர் வண்டிக்குத் திரும்பிவிட்டாள். பழையபடி வலது தோளில் தோல்பையை மாட்டிக்கொண்டாள்.

முதலில் மோதிரம் கழலவில்லை. பிறகு யூனிபார்ம் சட்டையின் வலது கை மட்டும் இறுக்கிப் பிடித்தது. சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் பையின் வார் பதிந்த தடம் தோளில் பள்ளமாக இருக்கும், காலைவரை அழியாது. அண்ணி ஒரு நாள் முன்கையை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நாற்பது வருஷமாகத் தலையணையை அழுத்திப் பார்க்கிறவள். நல்ல பஞ்சாக இருந்தால் பள்ளம் உடனே எழுந்துவிடும். எழாமல் கிடந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ இந்தக் கைய அசைக்கவே கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் கைக்கு ராஜ மரியாதை. வீட்டில் ஒரு டம்ளரை எடுக்கவிட மாட்டாள். துணியால் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். தூங்கும்போது அடியில் தலையணை. மருந்துக் கடையில் பட்டைத் துணி வாங்கி வந்து கட்டும் போட்டாள். மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவதற்கு எப்படிக் கட்டுவாளோ அப்படி: நடுவில் இறுக்கி இரண்டு சுற்று, மேலே நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கி ஒரு சுற்று, முடிச்சு பின்பக்கம். விரல்களை விட்டுவிட்டாள். மெத்தைக்கு விரல் கிடையாதல்லவா. ஒரு வாரத்தில் புறங்கை, வாய் தைத்த தலையணை மாதிரி உப்பிவிட்டது.

விஷயம் டிப்போவுக்குத் தெரிந்து, கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். முழங்கைக்கு நாலு விரல் கீழே இரண்டு கையையும் அளந்தார். வலது கை நாலு சென்டிமீட்டர் கூடுதல்.

"மூணு மாசம் விசாரணை ஜன்னல்ல உக்காருங்க. கைக்கு ஓய்வு கிடைக்கும். திரும்ப வாங்க, அளந்து பாக்குறேன். ரெண்டுக்குள்ள வந்தா வண்டி. இல்லன்னா ரிட்டயர்மென்ட் வரைக்கும் நாற்காலிதான்."

டிப்போவில் எல்லோரும் அவளுக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். நிற்க வேண்டாம், கூச்சல் இல்லை, தலைக்கு மேலே விசிறி. விசில் மட்டும் முதல் நாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"கூண்டுக்குள்ள உக்காந்திருக்கேன் அண்ணி. வண்டி எப்ப வரும், வண்டி எப்ப வரும்னு கேக்குறாங்க. இருபத்திரண்டு வருஷமா நான்தான் அந்த வண்டி. இப்ப எனக்கே தெரியல."

"பழகிடும்."

"அவர் போன பிறகு அந்த வண்டியில ஏறினாத்தான் அவர் முன்னாடி உக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கும். வேற ஒருத்தன்தான் ஓட்டுறான். இருந்தாலும்."

அண்ணிக்கு வேறு கணக்கு இருந்தது. நாற்காலி வேலை ஐந்தரைக்கு முடியும். ஆறு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். வண்டி வேலை என்றால் எந்த முறை, எந்த நேரம் என்று கிடையாது. டீ டம்ளரோடு தம்பி போன நாளிலிருந்து, படியில் சத்தம் தாமதமானால் அண்ணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். மிச்சம் இருக்கிறது ஒருத்திதான். அவள் உட்கார்ந்தே இருக்கட்டும் என்றுதான் மனசுக்குள் இருந்தது.

உட்கார்ந்த கை இன்னும் வீங்கியது. மூன்றாவது வாரம் நகக்கண்ணில் ஒரு சின்னக் கீறல், காகிதம் வெட்டியது. மறுநாள் கை முழுக்கச் சிவந்து தணலாகக் கொதித்தது, காய்ச்சலில் பல் கிட்டியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஊசி போட்டார்கள், இடது கையில் மட்டும். காய்ச்சல் விட்ட பிறகு கீழ்த்தளத்தில் வீக்கத்துக்கு என்று இருந்த ஒரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிஸ்டர். ஆளும் கனம், குரலும் கனம். கட்டைப் பிரித்தவள் அதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது யாரு கட்டினது?"

"நானே கட்டிக்கிட்டேன்" என்றாள் விசில்.

"ஒத்தக் கையால, பின்பக்கம் முடிச்சு போட்டா? சர்க்கஸ்ல இருந்தியா?"

"நான்தான் கட்டினேன்" என்றாள் அண்ணி.

சிஸ்டர் அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அவளுக்கும் காலையிலிருந்து இருபது கை கால் கட்டிய அலுப்பு முகத்தில் இருந்தது.

"பாருங்கம்மா. இரத்தம் குழாய்ல ஓடும்போது கொஞ்சம் தண்ணி வெளிய கசியும். சதைக்கெல்லாம் சாப்பாடு குடுக்குற தண்ணி. பெரும்பகுதி திரும்பிடும். மிச்சம் நின்னுபோறத அள்ளிட்டுப் போக நூல் மாதிரி வேற குழாய் இருக்கு, உடம்பு முழுக்க. அந்தத் தண்ணிக்கு நிணநீர்னு பேரு. அந்தக் குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு. ஒரு பக்கம்தான் திறக்கும், வந்த வழி போக முடியாது. வழியில அங்கங்க கணு. அழுக்கு, கிருமி எல்லாத்தையும் அங்க நிறுத்தி வச்சு ஒழிச்சுக் கட்டும். நெறி கட்டுதுன்னா அங்க சண்டை நடக்குதுன்னு அர்த்தம். கடைசியில காறை எலும்புக்குப் பின்னாடி பெரிய இரத்தக் குழாய்ல போய்க் கலந்துடும். ரெண்டு கால், வயிறு, இடது பக்கம் எல்லாத்துக்கும் சேத்து இடப்பக்கம் ஒரு வாசல். வலது கை, வலப்பக்கத் தலை, வலது நெஞ்சு, இதுங்களுக்கு மட்டும் வலப்பக்கம் ஒரு வாசல்."

"இவளுக்கு அந்த வாசல அடைச்சிட்டாங்களா?"

"வாசல் இருக்கு. வாசலுக்குப் போற வழியில இருந்த பதினெட்டு கணுவ எடுத்துட்டாங்க. தண்ணி சந்து பொந்துல சுத்திப் போகணும்."

விசில் நடுவில் புகுந்தாள். "கணுன்னா செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரியா சிஸ்டர்?"

"அப்படித்தான் வச்சுக்கயேன். உன் கையில இப்ப இன்ஸ்பெக்டரே கிடையாது. அதான் காகிதம் கீறினதுக்கு இத்தனை காய்ச்சல்."

"அது சரி" என்றாள் அண்ணி. "கைய ஆடாம அசையாம வச்சிருந்தேனே. அப்புறம் ஏன் ஏறிச்சு?"

"அதனாலதாம்மா ஏறிச்சு. இரத்தத்துக்கு இதயம்னு ஒரு மோட்டார் இருக்கு. இதுக்கு மோட்டாரே கிடையாது. குழாயே கொஞ்சம் கொஞ்சமா சுருங்கித் தள்ளும். மத்தபடி சதை அசையணும், மூச்சு இழுத்து விடணும். அப்பத்தான் ஓடும். நீங்க கைய உக்கார வச்சீங்க, தண்ணியும் உக்காந்துடுச்சு. பத்தாததுக்கு மேல இறுக்கிக் கட்டி வழியையும் அடைச்சீங்க. விரல்லேர்ந்து ஆரம்பிக்கணும், கீழ இறுக்கம், மேல போகப் போகத் தளர்வு."

அண்ணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் தடவிவிடுவது எப்படி என்று காட்டினாள். எல்லோரும் நினைப்பது போலக் கையில் ஆரம்பிக்கவில்லை. கழுத்தில் ஆரம்பித்தாள், பிறகு நெஞ்சைத் தாண்டி இடது அக்குள், பிறகு தோள், பிறகு மேல்கை. வீங்கிய புறங்கைக்குக் கடைசியாகத்தான் வந்தாள். அதுவும் அழுத்தாமல், பூனையைத் தடவுகிற மாதிரி.

"வீங்கினத விட்டுட்டு எங்கெங்கயோ தடவுறீங்களே" என்றாள் அண்ணி.

அதற்குப் பதில் விசிலிடமிருந்து வந்தது. "முன் வாசல்ல ஆள இறக்காம பின் வாசல்ல ஏத்தினா என்ன ஆகும் அண்ணி? நடுவுல நசுங்குவாங்க. முன்ன காலி பண்ணணும் முதல்ல."

"இவள நான் வேலைக்கு எடுத்துக்குறேன்" என்றாள் சிஸ்டர், சிரிக்காமல்.

பதினைந்து நாள் மருத்துவ விடுப்பு. அந்தப் பதினைந்து நாளும் விசில் அண்ணியோடு மெத்தைக் கடைக்குப் போனாள். சிஸ்டர் சொன்னபடி கட்டுப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, நின்றபடியே பஞ்சு பிய்த்துப் போட்டாள். பஞ்சுக்குக் கனம் இல்லை, ஆனால் கை ஓயாமல் ஆட வேண்டும். வீட்டில் துணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினாள். இருபத்திரண்டு வருஷமாக வண்டிக் கம்பியைப் பிடித்துக் கை மேலே இருந்தே பழகியதல்லவா. அண்ணி தினமும் ஆறு மணிக்குத் தையல் டேப்பால் இரண்டு கையையும் அளந்து, மெத்தைக்கு விலை எழுதிக் கட்டும் அட்டைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் வித்தியாசத்தைக் குறித்துவைத்தாள். நாலு. மூணரை. மூணு. கடைசி நாள் ரெண்டு.

விடுப்பு முடிந்தது. விசில் திரும்பவும் ஜன்னலுக்குப் போனாள். சீட்டில் எண் ஏறத் தொடங்கியது. ரெண்டே கால். ரெண்டரை.

முதல் வாரத்திலேயே அண்ணிக்குப் புரிந்துவிட்டது. கட்டு அதே கட்டு, தடவுவது அதே தடவல். மாறியது நாற்காலி மட்டும்தான். எழுதப் படிக்க அதிகம் தெரியாதவள், ஆனால் டேப்பில் எண் பார்க்கத் தெரியும்.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று விசில் கேட்பாள், கண்ணை மூடிக்கொண்டே.

"அப்படியேதான் இருக்கு."

அந்தச் சொல்லை ஆறு வாரம் சொன்னாள். காலையில் ஒரு மணி நேரம் கட்டு; களிம்பு, பருத்தி உறை, பஞ்சுப் பட்டை, அதன் மேல் மூன்று சுருள் துணி. சாயங்காலம் பிரித்துத் துவைத்து, சுருட்டி வைக்க வேண்டும். மறுநாள் மறுபடியும். முடிவில்லாத வேலை. அண்ணி கட்டிக்கொண்டிருக்கும்போதே விசில் உட்கார்ந்தபடி தூங்கிவிடுவாள். அண்ணிக்கும் விரல் கணுக்கள் வலிக்கத் தொடங்கியிருந்தன. ஆறு மணிக்கு மட்டும் படியில் செருப்புச் சத்தம் சரியாக வந்தது. சீட்டு அண்ணியின் பைக்குள்ளேயே இருந்தது.

மூன்று மாதம் முடிந்து கம்பெனி டாக்டரிடம் போனார்கள். அவர் அளந்தார்.

"மூணு. கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆனா போதாது. நாற்காலியிலயே இருங்கம்மா. இந்தக் கைய வச்சுக்கிட்டு இடிபாடுல எதுக்கு நிக்கணும்? நிம்மதியா உக்காருங்க."

விசில் வாதாடவில்லை. அழுதிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பாள். விசில் தலையை ஆட்டிவிட்டு, கட்டின் சுருளை எடுத்து மடியில் வைத்து, உறையை விரல் விரலாக மாட்ட ஆரம்பித்தாள். சோர்ந்த கை, சோர்ந்த முகம். தம்பி போன அன்றைக்குக் கூட அவள் இவ்வளவு வயதானவளாகத் தெரிந்ததில்லை. டாக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றாள் அண்ணி. பையைத் துழாவி அட்டைச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என்ன இது? மெத்தை விலையா?"

"பின்னாடி பாருங்க. தினம் ஆறு மணிக்கு அளந்தது. இந்தப் பதினஞ்சு நாள் லீவு. என்கூட கடையில நின்னு பஞ்சு பிச்சா, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். நாலுலேர்ந்து ரெண்டுக்கு இறங்கிச்சு. இங்கேர்ந்து நாற்காலி. பாருங்க, ஏறுது. உக்காந்தா ஏறுது ஐயா. நின்னு வேலை செஞ்சா இறங்குது."

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். அவசரம் எங்கோ போய்விட்டது. வீக்க அறை சிஸ்டருக்குப் போன் போட்டார். அந்தக் கனத்த குரல் மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. போனை வைத்துவிட்டு எழுதினார். ஆறு மாதம் வண்டியில் வைத்துப் பார்ப்பது. பை இடது தோளில். கட்டும் கையுறையும் இல்லாமல் ஏறக் கூடாது. மாதம் ஒரு தடவை சிஸ்டரிடம் அளந்து வர வேண்டும்.

வெளியே வந்து படி இறங்கும்போது விசில் நின்றாள்.

"அந்தச் சீட்டு எங்க இருந்துச்சு?"

"பையில."

"எனக்கு அப்படியேதான்னு சொன்னீங்க."

"ஆமா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆறு வாரமா தெரியும்." அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவ. அதுக்காகத்தான்."

விசில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறங்குகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். கேட்க வேண்டியதெல்லாம் அவள் முகத்தில் வந்து, ஒன்றொன்றாகப் போனதை அண்ணி நின்றபடி பார்த்தாள். திட்டுவதற்குக் கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அது அன்றைக்கு விசிலிடம் இல்லை.

"நகருங்க அண்ணி, எந்திரிக்கணும்" என்றாள் கடைசியில். "உக்காந்தா ஏறிடுமாம், நீங்கதான் சொன்னீங்க."

அண்ணி கையை நீட்டினாள். விசில் இடது கையைக் கொடுத்து எழுந்தாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கை பழைய கையாகவில்லை, ஆகாது என்று சிஸ்டர் அன்றைக்கே சொல்லியிருந்தாள். ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அண்ணியின் விரல்கள் கோணிப்போய்விட்டன, ஊசி பிடிக்க வரவில்லை, கட்டு போடவும் வரவில்லை. விசில் துணியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் தானே சுற்றிக்கொள்கிறாள். அண்ணி எதிரில் உட்கார்ந்து, "மேல தளர்த்து, மேல தளர்த்து" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தனக்குத் தெரியும் என்று விசில் ஒரு நாளும் சொன்னதில்லை, வாயில் துணி இருப்பதால். சாயங்காலத்தில் படியில் சத்தம் வருவதற்கு நேரம் காலம் கிடையாது. அண்ணி காத்திருக்கிறாள்.

ரிட்டயர்மென்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. விசில் இப்போது பதினான்காம் நம்பர் வண்டியில், பின்வாசலுக்குப் பக்கத்தில், பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, வலது கையால் மேல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள்.